மூட்டையைச் சோதிப்பவர் காலணியையும் சோதிக்க வேண்டும்



ஆடி அமாவாசை நெருங்கினால் எங்கள் விருதுநகர்ப் பக்கத்துக் கடைவீதிகளில் சதுரகிரிப் பேச்சு தொடங்கிவிடும். முதலாளி, கணக்குப்பிள்ளை, சிப்பந்திகள் எல்லோருமாக வேன் பிடித்து, வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை போய், விடியற்காலையில் மலை ஏறி, மாலைக்குள் இறங்கி, மறுநாள் காலை கடை திறப்பது வழக்கம். கோவை வியாபாரிகளுக்கு வெள்ளியங்கிரி. நாமக்கல், சேலம் பக்கத்தாருக்குக் கொல்லிமலை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வனத்துறை மூலம் 40 பாதைகளில் மலையேற்றத் திட்டம் தொடங்கியது முதல் நம் வீட்டுப் பிள்ளைகளும் லீவு நாளில் மலைக்குக் கிளம்புகிறார்கள். நாளெல்லாம் கல்லாவில் அடைந்து கிடக்கும் நமக்கு இது நல்ல பழக்கமே.

ஆனால் ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். புளியோதரைக்கு எத்தனை படி அரிசி என்று பத்து நாள் முன்பே கணக்குப் போடுகிறோம். காலில் என்ன போடுவது என்பதை மட்டும் வேன் வாசலில் வந்து நிற்கும்போதுதான் நினைக்கிறோம். கடையில் போடும் ரப்பர் செருப்போடு சிலர் வருகிறார்கள். முதல் நாள் வாங்கிய புது ஷூவோடு சிலர் வருகிறார்கள். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. வேண்டுதலுக்காக வெறுங்காலில் ஏறுவோரைப் பற்றி நான் பேசவில்லை. அது அவரவர் பக்தி.

சதுரகிரிப் பாதையை எண்ணிப் பாருங்கள். முதலில் மண்ணும் சரளையும், பிறகு மாங்கனி ஓடை, அதன்பின் வழுக்குப்பாறை, மேலே போகப் போக உருண்டைக் கற்கள். ஒரே நாளில் நான்கு விதமான தரை. ஏறும்போது மூச்சு வாங்குமே தவிரக் கால் அவ்வளவாகத் தொல்லை தராது. இறங்கும்போதுதான் உடம்பின் எடை முழுவதும் விரல் நுனியிலும் முழங்காலிலும் விழுகிறது. வழுக்கி விழுவதும், நகம் கறுப்பதும், கணுக்கால் பிசகுவதும் பெரும்பாலும் இறக்கத்தில்தான். நாம் நின்று பிழைப்பவர்கள். கணுக்கால் பிசகினால் பதினைந்து நாள் கடையில் நிற்க முடியாது. 

துவரம் பருப்பு வாங்கும்போது சாக்கின் மேல் அச்சடித்த படத்தைப் பார்த்தா விலை பேசுகிறோம்? குத்தூசி போட்டு மாதிரி எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, கடித்துப் பார்த்துத்தான் பேசுகிறோம். காலணிக்கும் அப்படி ஒரு சோதனை உண்டு.

முதலில் நேரம். நடந்து நின்ற கால் மாலையில் சற்று வீங்கும். மலையிலும் அப்படித்தான் வீங்கும். ஆகவே காலையில் வாங்கக் கூடாது. கடை வேலை முடிந்து மாலையில் போக வேண்டும். மலையில் போடப்போகும் அதே காலுறையைக் கையோடு கொண்டு போக வேண்டும்.

இரண்டாவது அளவு. நெடுவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். குதிகால் மேலே கிளம்பக் கூடாது. சாய்வுப் பலகையோ படியோ இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் போய் இடித்தால் அந்த ஜோடி வேண்டாம். பெட்டியில் போட்ட எண்ணை மட்டும் நம்பக் கூடாது. இங்கிலாந்து அளவில் 8 என்பது அமெரிக்க அளவில் சுமார் 9, ஐரோப்பிய அளவில் சுமார் 42. அகலம் வேறு விஷயம். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தார்கள். மேல்நாட்டார் பாதத்தைவிட நம்மவர் பாதம் பொதுவாக அகலம் என்று அதில் தெரிந்தது. வெளிநாட்டு அச்சில் செய்த குறுகலான ஷூ பக்கவாட்டில் பிடிப்பது இதனால்தான். அதைச் சமாளிக்க ஒரு அளவு பெரிதாக வாங்கினால் குதிகால் ஆடிக் கொப்புளம் வரும். முன்பக்கம் அகலமாக உள்ள ரகத்தைக் கேட்டு வாங்குவதே சரி.

மூன்றாவது அடிப்பாகம். மெத்தென்று இருந்தால் போதாது. ஆழமான வெட்டுகள் உள்ள ரப்பர் அடி வேண்டும். வழவழப்பான கெட்டி பிளாஸ்டிக் அடி ஈரப் பாறையில் நிற்காது. பாசி பிடித்த பாறையில் எந்த அடியும் முழுதாகப் பிடிக்காது. அங்கே கையையும் கோலையும்தான் நம்ப வேண்டும். ஷூவை வளைத்துப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடிந்தாலும், ஈரத்துணி போல முறுக்க வந்தாலும் ஒதுக்கி விடுங்கள்.

கணுக்காலை மூடும் கனத்த பூட்ஸ்தான் மலைக்கு வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். காலையில் ஏறி மாலையில் இறங்குபவருக்கு, தோளில் சிறு பை மட்டும் இருந்தால், எடை குறைந்த சாதாரண உயர ஷூவே போதும். தண்ணீர் புகாதது என்று கூடுதல் விலை சொல்வார்கள். ஓடையில் இறங்கினால் தண்ணீர் மேல்வழியாக உள்ளே போகும். போனது வெளியே வராது. நம் வெயிலுக்குக் காற்றோட்டமுள்ள, சீக்கிரம் உலரும் துணியே நல்லது. பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக் கொப்புளம் உண்டாக்கும். சீக்கிரம் உலரும் செயற்கை இழைக் காலுறை மேல்.

பழைய ஷூ வைத்திருப்போருக்கு ஒரு எச்சரிக்கை. பாலியூரித்தேன் அடி உள்ள ஷூவை ஐந்தாறு வருடம் அலமாரியில் பூட்டி வைத்தால், போடாமலேயே காற்றின் ஈரத்தில் அடி உளுத்துப் போகும். பார்க்கப் புதிது போலிருக்கும். பாதி மலையில் கழன்று வரும். காலாவதித் தேதி பார்க்கத் தெரிந்த நாம், பெட்டியில் உள்ள தயாரிப்பு மாதத்தையும் பார்த்து வாங்க வேண்டும்.

விலை விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி ரூ.2,500 வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் என்று ஆக்கினார்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போகிறவர் அந்த வரம்பைத் தாண்ட வேண்டிய அவசியமில்லை. ஆனால் போட்டுப் பார்த்து வாங்க வேண்டிய பொருளைப் படம் பார்த்து வீட்டுக்கு வரவழைக்காதீர்கள். கடைவீதியில் நம்மைப் போல் வாடகை கொடுத்து ஷூக்கடை வைத்திருப்பவர் நான்கு ஜோடி எடுத்துப் போடுவார். நடந்து பார்க்கச் சொல்வார். வாடிக்கையாளர்கள் நம் கடைக்கு வருவதில்லை என்று குறைபடும் நாமே பக்கத்துக் கடைக்குப் போகாமலிருப்பது நியாயமா?

கடைசியாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு. நம்மில் அவர்கள் பலர். காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு ஷூவுக்குள் கிடக்கும் சிறு கல் தெரியாது. கீழே வந்து காலுறையைக் கழற்றும்போதுதான் ரத்தம் தெரியும். அந்தப் புண் ஆறாமல் விரலை எடுக்கும் வரை போவதுண்டு. இவர்கள் டாக்டரைக் கேட்டு, காலைக் காட்டிவிட்டே மலைக்குப் புறப்பட வேண்டும். போகும் வழியில் உட்காரும் இடமெல்லாம் ஷூவைக் கழற்றிப் பாதத்தையும் உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும். செருப்போடு வந்து சமாளிக்கலாம் என்ற எண்ணமே கூடாது.

புது ஷூ வாங்கினால் பதினைந்து நாளாவது கடையிலும் தெருவிலும் போட்டு நடந்து பழக்குங்கள். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். இறக்கம் தொடங்குமுன் கயிற்றை ஒருமுறை இறுக்கிக் கட்டுங்கள்.

கிளைச் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் இது: மலைப் பயணம் ஏற்பாடு செய்யும்போது, வேன் கட்டணம் வசூலிக்கும் அன்றே காலணியைப் பற்றியும் உறுப்பினர்களிடம் சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் முன்பு சொன்னால்தான் வாங்கிப் பழக்க நேரம் இருக்கும். கடைப் பையன்களை அழைத்துப் போகும் முதலாளிகள், வேட்டி சட்டை எடுத்துக் கொடுப்பதுபோல் அவர்களுக்கும் ஒரு நல்ல ஜோடி வாங்கிக் கொடுக்க வேண்டும். மூட்டை சுமக்கும் கால்கள் அவர்களுடையவை.