பத்து ரூபாய்ச் சட்டம்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் லட்சுமி என்ற பசுவுக்கும் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி உண்டு. கிரிவலம் வருகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பார்க்கட்டும். உயிரோடிருக்கும் நாய்க்கு என்ன பாதுகாப்பு?

சீமை நாய்க்குட்டி இன்று விலைச்சரக்கு. பெட்டையைக் கூண்டில் அடைத்து, ஈற்றுக்கு மேல் ஈற்று வாங்கி, பால்குடி மறக்காத குட்டியை விற்றுக் காசாக்குகிறார்கள். ஈன்று ஓய்ந்த தாய்க்குத் தெருதான் கதி.

சட்டம் இல்லையா? இருக்கிறது! ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் வாதாடிய பிறகு, 1960-ல் மிருகவதைத் தடைச் சட்டம் வந்தது. முதல் குற்றத்திற்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அறுபது ஆண்டு கழிந்து 2020-லும் அதே 10 ரூபாய்தான்! குட்டியை ஆயிரக்கணக்கில் விற்பவன் இதற்கா அஞ்சுவான்?

2017-ல் மத்திய சர்க்கார் தனி விதிகளே போட்டது. பண்ணைக்காரன் மாநில வாரியத்தில் பதிய வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. 18 மாதம் நிறையாத பெட்டையை ஈன வைக்கக்கூடாது. ஆயுளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது. நல்ல விதிகள்தாம். கூண்டுக்குள் எட்டிப் பார்ப்பது யார்? கால்நடை டாக்டருக்கோ கிராமம் கிராமமாகக் கோமாரி ஊசி போடவே பொழுது போதவில்லை. பாரம் ஏற்றிய மாட்டு வண்டிக்காரனை நடுத்தெருவில் நிறுத்தி வழக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு, மதிலுக்குள்ளிருக்கும் நாய்ப் பண்ணையின் கதவு மட்டும் தெரியாது!

இதற்கெனத் தனி இன்ஸ்பெக்டர்களை நியமிக்க வேண்டும். கூண்டு கழுவும் தொழிலாளியைக் கேட்டால் உள்ளே நடப்பது தெரியும். அவன் வேலைக்குப் பாதுகாப்புத் தந்து கேட்க வேண்டும். 2024-ல் மாநகராட்சியாகிவிட்ட திருவண்ணாமலையில், பதிவு பெற்ற பண்ணைகளின் பட்டியலைச் சுவரில் ஒட்டட்டும். அதுவரை, குட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் தாயைக் காட்டச் சொல்லுங்கள்.