நாடிச் சுவரின் நுண்காவலர்

ஹெந்தளையில் எம் அயலிலே வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இருதய நாடியில் அடைப்பு. பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை வைத்தனர். ஆண்டொன்று கழியுமுன் அதே இடம் மீண்டும் சுருங்கிற்று. "பண்டிதர், கொழுப்பை விட்டேன், உப்பைக் குறைத்தேன், பிறகும் ஏன் அடைத்தது?" என்று வினவினார்.

விடை கொழுப்பில் மட்டும் இல்லை. நாடியின் நடுப்படையிலே மழமழப்பான தசைக் கலங்கள் உள. (தமிழ்நாட்டார் செல் என்பதையே நாம் கலம் என்கின்றோம்.) சுருங்குவதும் தளர்வதும் அவற்றின் தொழில். புகையாலோ, உயர் அழுத்தத்தாலோ, அடைப்பை விரித்த பலூனாலேயோ சுவர் காயமுறின், அவை அத்தொழிலைக் கைவிட்டுப் பெருகும். உட்படைக்கு நகர்ந்து நார்ப்பொருளைச் சுரந்து வழியைக் குறுக்கும். புண்ணை ஆற்ற எழுந்த முயற்சியே அடைப்பாகி விடுகின்றது.

இக்கலங்களைத் தம் தொழிலில் நிறுத்துவனவற்றுள் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பவை சிலவும் அடங்கும். 1993இல் சிறு புழுவொன்றை ஆராய்ந்தபோது இவ்வினத்தை வெளிப்படுத்திய விக்டர் அம்ப்ரோஸ், கேரி ரவ்குன் இருவருக்கும் 2024இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இவற்றின் நீளம் ஏறத்தாழ 22 எழுத்து. முதற் குறளை ஒற்றோடு எண்ணினால் 26 எழுத்து. இவை அதனினும் சிறியன! பரம்பரையலகின் கட்டளையைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏ.யோடு ஒட்டி, அது புரதமாகாது தடுப்பன.

2009இல் இந்திய வம்சாவளியினரான தீபக் ஸ்ரீவஸ்தவாவின் குழுவினர், 143, 145 என எண்ணிடப்பட்ட இரண்டும் தசைக் கலத்தின் போக்கை ஆள்வதை நேச்சர் இதழிலே காட்டினர். நாடி காயமுற்றால் 145 குறைகின்றது. பெருக்கத்துக்குத் துணைபோகும் 21 மிகுகின்றது.

ஆயின் 145ஐ ஊசியில் ஏற்றிவிடலாமே? அத்துணை எளிதன்று. ஒன்றே பல பரம்பரையலகுகளை அடக்குவதால், நாடிக்கு நலமாவது வேறோர் உறுப்புக்குக் கேடாகலாம். நாடிச் சுவருக்கு மட்டும் அதனைக் கொண்டுசேர்ப்பதும் அரிது. எனினும் இம்முயற்சியைக் கைவிடலாகாது என்பதே எம் கருத்து. இன்றைய வலைக்குழாய் பலவற்றிற் பூசப்படும் மருந்து தசைக் கலங்களைத் தடுப்பதோடு, உட்சுவரின் மெல்லிய தோலும் வளரவிடாது தாமதிக்கச் செய்கின்றது. தோல் மூடாத இடத்தில் இரத்தம் உறையும். முன்னதை மட்டும் அடக்கிப் பின்னதை வளரவிடும் மருந்தன்றோ வேண்டுவது?

இவ்வளவும் கேட்ட நண்பர், "அந்த மருந்து எப்போது வரும்?" என்றார். இரத்தம் உறையாதிருக்கத் தந்த மாத்திரையை ஒழுங்காக உட்கொள்கின்றீரா என்று கேட்டேன். சுகமாயிருந்தபடியால் சென்ற மாதமே நிறுத்திவிட்டாராம். அன்று மாலையே அவரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன்.