தேர்வு வாரத்திலும் நிற்காத நடை

“எஸ்.பி.எம். முடியட்டும், அப்புறம் உடம்பைப் பார்த்துக்கொள்ளலாம்.” நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள் பலர் இப்படிச் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். எஸ்.பி.எம். முடிந்ததும் மெட்ரிகுலேஷனோ எஸ்.டி.பி.எம். தேர்வோ வருகிறது. அதன் பிறகு பல்கலைக்கழகம். அதன் பிறகு வேலை. அந்த ‘அப்புறம்’ மட்டும் வருவதே இல்லை.

காத்திருக்க நம் சமூகத்திற்கு அவகாசம் இல்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூவரில் ஒருவர். உங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் தாத்தாவின் இன்சுலின் இருந்தால், இந்த எண்ணின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. பரம்பரையை நம்மால் மாற்ற முடியாது. ஆனால், இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பைக் குறைக்க முடியும்.

எப்படி? சமூக ஊடகங்களில் விற்கப்படும் மெலிவு மாத்திரைகளை நம்பாதீர்கள். பட்டினி கிடந்து குறைத்த எடை, சாப்பிடத் தொடங்கியதும் திரும்பி வந்துவிடும். மிக நெருக்கடியான வாரத்திலும் கைவிடாமல் செய்யக்கூடிய பழக்கமே எடையைக் குறைக்கும் என்பது என் கருத்து. நான் 14 மாதங்களில் 11 கிலோ குறைத்தேன். அதற்கு மூன்று இடங்களில் மட்டுமே கவனம் வைத்தேன்.

முதலாவது, குவளை. 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி என்று டின்னில் அச்சிட்டிருந்தால், 320 மில்லிலிட்டர் பானத்தில் 32 கிராம் சீனி இருக்கிறது. அதாவது எட்டுத் தேக்கரண்டி. சீனி மிகுந்த தொழிற்சாலைப் பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலை முதல் தனி வரி விதிக்கிறது. ஆனால், கடையில் கெட்டிப்பால் ஊற்றி ஆற்றித் தரும் தே தாரிக்குக்கு அந்த வரி இல்லை. அங்கே நம் வாய்தான் காவல். ‘கூராங் மானிஸ்’ என்று தொடங்கி, சில வாரங்களில் ‘தே ஓ கோசோங்’ என்று கேட்கப் பழகலாம். நாக்கு பழகிக்கொள்ளும்.

இரண்டாவது, தட்டு. சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ முறையை நினைவில் வையுங்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு. பாதித் தட்டு காய்கறியும் பழமும். இதற்காக அம்மா தனிச் சமையல் செய்ய வேண்டியதில்லை. அதே சோறு, அதே குழம்பு. அளவு மட்டும் மாறுகிறது.

மூன்றாவது, நடை. ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கலோரி உண்டு. அரை மணி நேர விறுவிறு நடையில் பெரும்பாலோருக்கு அதில் பாதிதான் செலவாகும். எனவே, நடந்துவிட்டோம் என்று தட்டை நிரப்பினால் கணக்கு உதைக்கும். பிறகு ஏன் நடக்க வேண்டும்? சாப்பிட்ட பின் நடக்கும்போது தசைகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகின்றன. தூக்கம் சீராகிறது. குறைந்த எடை திரும்ப ஏறாமல் இருக்கவும் நடை துணை நிற்கிறது.

நம் தாமான்களில் நடப்பது எளிதல்ல என்பதை நான் அறிவேன். நடைபாதையில் கார் நிற்கும், நாய் துரத்தும், மாலையில் மழை கொட்டும். பெண்பிள்ளைகளைத் தனியே அனுப்பப் பெற்றோர் தயங்குவர். அந்தத் தயக்கம் நியாயமானதே. அதனால், ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடக்க முடியாதவர்கள் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை நடக்கலாம். பள்ளி மணி அடிப்பதற்கு முன் திடலைச் சுற்றலாம். எல்.ஆர்.டி.யில் ஒரு நிலையம் முன்னதாக இறங்கலாம். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மாடிப்படியும் தாழ்வாரமும் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாரும் மெலிய வேண்டியதில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர்களின் உடல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. எடை குறித்து ஐயம் இருந்தால் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் கேளுங்கள். கண்ணாடியையும் கைத்தொலைபேசியில் வரும் படங்களையும் கேட்காதீர்கள்.

பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘குண்டு’ என்று கேலி செய்து யாரையும் மெலிய வைக்க முடியாது. ஒளிந்து சாப்பிட வைக்கத்தான் முடியும். பல்கலைக்கழகத் தமிழ்க் கழகங்கள் தங்கள் நிகழ்ச்சிகளில் கலர்த் தண்ணீருக்குப் பதிலாக வெறும் தண்ணீரை முதலில் வைத்தாலே அது நல்ல தொடக்கம்.

மாணவர்களே, நாளைக்குச் சோதனை இருக்கலாம். இருக்கட்டும். இன்றிரவு சாப்பிட்டதும் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். பிறகு, விட்ட பக்கத்திலிருந்து புத்தகத்தைத் திறங்கள்.