கெட்டுப்போன ஆர்கன்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால், கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் என்ன செய்வது?

அப்போதும் ஆடலாம் என்று காட்டினார் ஒரு ஜெர்மன் வாலிபர். அவர் பெயர் கிளவுஸ் ஷூல்ட்ஸே.

அவர் 1947-ம் ஆண்டு பெர்லின் நகரில் பிறந்தார். உலக யுத்தம் முடிந்து 2 ஆண்டுகளே ஆகியிருந்தன. நகரம் குண்டு விழுந்து இடிந்து கிடந்தது. அந்தக் காலத்தில் பிறந்து வளர்ந்த ஜெர்மன் வாலிபர்கள் பலர், அமெரிக்கப் பாட்டையும் இங்கிலாந்துப் பாட்டையும் பார்த்துப் பாடியது போதும் என்று நினைத்தார்கள். தங்களுக்கென்று ஒரு புது இசை வேண்டும் என்று தேடினார்கள். கிடைத்த வழிகளில் ஒன்று மின்சார இசை.

அதற்கு ஏற்ற கருவி சிந்தசைஸர். மின்சாரத்தைக் கொண்டே விதவிதமான நாதங்களை எழுப்பும் கருவி அது. அப்போது அதன் விலை மிக அதிகம். ஷூல்ட்ஸேயிடம் அது இல்லை. அவர் டிரம் அடிப்பவர்.

அவரிடம் என்னதான் இருந்தது? பழுதான மின்சார ஆர்கன் ஒன்று. கெட்டுப்போன ஆம்ப்ளிபயர் ஒன்று. வாத்தியக் குழு ஒன்று ஒத்திகை பார்த்தபோது பதிவு செய்த ஒலிநாடா. முக்கியமாக இவைதான்!

ஒலிநாடாவைத் தலைகீழாக ஓட்டினார். அப்படி ஓட்டினால், தேய்ந்து மறைய வேண்டிய நாதம் மெல்லத் தொடங்கிப் பெரிதாக வளரும். பிறகு சட்டென்று நிற்கும். கெட்டுப்போன ஆம்ப்ளிபயரை எறிந்துவிடவில்லை. நாதத்தை உருமாற்றும் சல்லடையாக அதைப் பயன்படுத்தினார்.

1972-ல் இசைத்தட்டு வெளிவந்தது. பெயர் "இர்லிஷ்ட்". இரவில் சதுப்பு நிலத்தில் தெரியும் மாய வெளிச்சம் என்று அர்த்தம். கொள்ளிவாய்ப் பிசாசு என்கிறோமே, அதுதான்! மொத்தம் 3 பகுதிகள். சுமார் 50 நிமிடங்கள்.

"இது ஒரு சங்கீதமா?" என்று சிலர் கேட்கலாம். கேட்பதில் தவறு இல்லை. இது வாய்விட்டுப் பாடும் பாட்டு அல்ல. தூரத்தில் மேகம் திரண்டு வருவதைப் பார்ப்பது போன்றது. பிடிக்காதவர்களும் இருப்பார்கள். ஆனாலும், 50 ஆண்டுகள் கடந்தும் அதைத் தேடிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு ஷூல்ட்ஸேக்கு வசதி வந்தது. சிந்தசைஸர்களையும் வாங்கினார். நாற்பதுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளை வெளியிட்டார். 2022-ல், தமது 74-வது வயதில் காலமானார்.

நல்ல கருவி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவரே வாங்கினாரே! ஆனால், அது வரும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. இருந்ததைக் கொண்டு தொடங்கினார். தொடங்கியவரைத் தேடிக் கருவி வந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஓடாத ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானா? உடனே அதட்டாதீர்கள். "என்ன செய்கிறாய், தம்பி?" என்று கேளுங்கள். அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.