நாளும் பக்கமும்

பிறர் கருத்தை எடுத்தாள்வோர், அஃது எங்கிருந்து பெறப்பட்டது என்று கூறுதல் அறிவுலகின் அறமாகும். பழைய உரையாசிரியர்கள் பலர், ஒரு செய்யுளை மேற்கோளாகக் காட்டி, 'என்றார் பிறரும்' என்று கூறி அமைந்தனர். அக்காலத்து மாணவர்க்கு அந்நூல்கள் மனப்பாடம். ஆதலின் அது குறையாகத் தோன்றவில்லை. காலம் சென்றது, நூல்கள் பல மறைந்தன. 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையிற் கண்ட மேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தவை என்று அறிய, ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பெரிதும் உழைத்தார்.

நூலுக்கே இந்நிலை எனின், நாளிதழுக்குச் சொல்லவும் வேண்டுமோ? நூல் மறுபதிப்புப் பெறும். நாளிதழோ ஒரு நாள் வாழ்வினது. மறுநாள் அதே பெயரில் வேறோர் இதழ் வெளிவந்துவிடும். 'சுதேசமித்திரனில் பாரதியார் எழுதினார்' என்று மட்டும் குறிப்பது, ஊர்ப்பெயரை மட்டும் எழுதிக் கடிதத்தை அஞ்சலில் இடுவதை ஒக்கும். 1882ஆம் ஆண்டில் தோன்றிப் பல்லாண்டு நடந்த அவ்விதழில் எத்தாளைப் புரட்டுவது? பாரதியார் புனைபெயர்களிலும் எழுதியவர். அவர்தம் எழுத்துகளைச் சீனி. விசுவநாதன் காலவரிசையில் தொகுத்தளிக்க இயன்றது, இதழ்களில் நாள் பொறிக்கப்பட்டிருந்தமையால் அன்றோ?

ஆய்வுக் கட்டுரையின் துணைநூற்பட்டியலில் நாளிதழ்க் கட்டுரையைக் குறிக்குங்கால், எழுதியவர் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர், வெளிவந்த நாள், பக்க எண் ஆகிய ஐந்தும் இடம்பெறல் வேண்டும். தலைப்பை மேற்கோள் குறிக்குள்ளும், இதழின் பெயரைச் சாய்வெழுத்திலும் அமைத்தல் வழக்கம். எழுதியவர் பெயர் அச்சிடப்படாவிடின், தலைப்பே முதலில் நிற்கும். ஒரே இதழ் பல நகரங்களில் அச்சாகுங்கால் பக்கம் மாறக்கூடும். ஆதலின் எந்நகரப் பதிப்பு என்பதையும் குறித்தல் நன்று. இணையத்திற் படித்ததாயின், அதன் முகவரியையும் சேர்த்தல் வேண்டும்.

"ஒரு நாள் தாளுக்கு இத்துணை இலக்கணம் எதற்கு?" என்று சிலர் வினவுவர். ஒரு நாள் தாளாதலாலேயே இவ்விலக்கணம் வேண்டப்படுகிறது. காற்புள்ளி இடம் மாறினும் பொறுக்கலாம். நாள் தவறினால் தேடுவோன் வழி தவறுவான். எழுதியதைத் தாமே சரிபார்த்தல் படிப்பவர்தம் உரிமை. அவ்வுரிமைக்கு வழிவிடாத எழுத்து, உண்மையே உரைப்பினும் ஐயத்திற்கு இடமாகும்.

ஆதலின் மாணவர்கள், நாளிதழிலிருந்து ஒரு செய்தியைக் கத்தரித்து எடுக்கும்பொழுதே, அதன் ஓரத்தில் இதழின் பெயரையும் நாளையும் பக்கத்தையும் எழுதி வைத்தல் வேண்டும். பின்னர் எழுதலாம் என்று விட்டால், கையில் எஞ்சுவது வெறுந்தாளே.