கதவு திறந்தபோது வெளியே நின்ற கழகம்

சென்ற திங்கள் ஓர் இரவு விடுதியில் கூடைப்பந்துப் பேச்சு எழுந்தது. விளையாட்டுச் செய்திகளை விரல் நுனியில் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "1950-இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் கறுப்பருக்குக் கதவு திறந்துவிட்டார்கள். அதோடு அந்தக் கதை முடிந்தது" என்றார். அவர் சொன்ன ஆண்டில் பிழை இல்லை. அவ்வாண்டு அக்டோபர் 31-ஆம் நாள் எர்ல் லாய்டு வாஷிங்டன் குழுவின் சார்பில் என்.பி.ஏ. ஆட்டத்தில் இறங்கினார். அவரை அடுத்துச் சக் கூப்பர் பாஸ்டனுக்கும், நாட் கிளிஃப்டன் நியூயார்க்குக்கும் ஆடினர். ஆயினும் 'கதவு திறந்தது' என்ற அந்தச் சொல்லை மட்டும் என் மனம் ஒப்பவில்லை. கதவு வழியே உள்ளே போனவர்களை எண்ணிப் பார்க்கிறோம். வெளியே நின்றுவிட்டது எது என்று யாரும் கேட்பதில்லை.

வெளியே நின்றது ஒரு கழகம். நியூயார்க் ரெனசான்ஸ் என்பது அதன் பெயர். மக்கள் வாயில் 'ரென்ஸ்'.

அதைத் தோற்றுவித்தவர் பாப் டக்ளஸ். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான செயின்ட் கிட்ஸில் பிறந்து நியூயார்க்குக்குப் பிழைக்க வந்தவர். நல்ல ஆட்டக்காரர்களைத் திரட்டிவிட்டார். ஆடுவதற்கு இடம் வேண்டுமே! ஹார்லெமில் அப்போது புதிதாக எழுந்திருந்த ரெனசான்ஸ் நடன மண்டபத்தின் உரிமையாளர் வில்லியம் ரோச்சும் மாண்ட்செராட் தீவிலிருந்து வந்தவரே. 'மண்டபம் தாருங்கள், உங்கள் மண்டபத்தின் பெயரையே குழுவுக்கு வைக்கிறேன்' என்று பேசி முடித்தார் டக்ளஸ். பொங்கல் விழாவுக்கு மண்டபம் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய நம் மன்றத்தாருக்கு இந்தப் பேரத்தின் அருமை புரியும். 1923 நவம்பர் 3-ஆம் நாள் முதல் ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் அதே தரையில் நடனம். கறுப்பர் ஒருவர் நடத்த, கறுப்பருக்குரிய மண்டபத்தில், கறுப்பர் ஆடிய தொழில்முறைக் கழகம் அது.

வெறும் உள்ளூர்ப் பெருமை என்று எண்ணிவிட வேண்டா. 1925-இல் தொடங்கிய அமெரிக்கன் லீக் கறுப்பரைச் சேர்க்கவில்லை. லீக்கில் இடமில்லாத குழு ஊர் ஊராகச் சென்றுதான் பிழைக்க வேண்டும். ரென்ஸ் வீரர்கள் தம் பேருந்தில் ஏறி நாடு முழுதும் சுற்றினர். பகலில் போய் வெள்ளையரோடு ஆடுவர். வென்ற ஊரிலே உண்ண உணவகம் இராது, உறங்க விடுதி இராது. தங்க இடம் கிடைத்த நகரம் ஒன்றை இருப்பிடமாகக் கொண்டு, ஆட்டம் முடிந்த இரவே நூற்றுக்கணக்கான கல் தொலைவு திரும்பி வருவர். இந்த வாழ்க்கைக்கு நடுவில்தான் 1933-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 86 நாட்களில் 88 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றனர். நாளுக்கு ஓர் ஆட்டத்துக்கும் மேல்! நம் விடுதி அணி அடுத்தடுத்து இரண்டு நாள் ஆடினாலே மூன்றாம் நாள் வகுப்புக்கு வருவதில்லை.

அந்நாளில் அவர்களுக்கு இணையாக நின்றது ஒரிஜினல் செல்டிக்ஸ் என்ற வெள்ளையர் குழு. அதன் நடுவீரர் ஜோ லாப்சிக், ஆட்டம் தொடங்குமுன் ரென்ஸ் நடுவீரர் 'டார்சன்' கூப்பரைக் கூட்டத்தார் பார்க்கக் கட்டித் தழுவுவார். கூட்டம் அதை விரும்பாத ஊர்களிலும் அவர் அதை விடவில்லை.

1939 மார்ச்சில் சிகாகோவில் முதல் உலகத் தொழில்முறைப் போட்டி நடந்தது. அதில் நிறவேறுபாடு பாராட்டவில்லை. இறுதி ஆட்டத்தில் ஆஷ்காஷ் குழுவை 34-25 என்று வீழ்த்தி ரென்ஸ் வாகை சூடியது. வெற்றிக்குப் பரிசாக டக்ளஸ் தம் வீரர்களுக்கு மேற்சட்டை தைத்துத் தந்தார். அதில் 'உலக வாகையர்' என்பதோடு, கறுப்பரை அக்காலத்தில் குறித்த 'கலர்டு' என்ற சொல்லும் இருந்தது. ஜான் ஐசக்ஸ் என்ற இளம் வீரர் ஒரு சவர பிளேடை வாங்கி அந்த ஒரு சொல்லை மட்டும் தையல் பிரித்து எடுத்துவிட்டார். புதுச் சட்டையைக் கெடுக்கிறாயே என்று டக்ளஸ் கடிந்துகொள்ள, திருத்துகிறேன் என்றாராம் அவர்.

அந்தப் போட்டியின் அரையிறுதியில் ரென்ஸிடம் தோற்றது ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ். பெயரில் ஹார்லெம் இருந்தாலும் சிகாகோவில் வளர்ந்த குழு, உரிமையாளர் வெள்ளையர். அவர்களும் திறமையில் குறைந்தவரல்லர். 1940-இல் அதே போட்டியை வென்றவர்கள். பின்னர் வேடிக்கை காட்டி உலகைச் சிரிக்க வைத்தார்கள், உலகம் அவர்களை நினைவில் வைத்துக்கொண்டது. சிரிக்க வைக்காமல் வென்றவர்களை மறந்துவிட்டது. இது எனக்கு மிகவும் கசக்கிறது.

இனி நண்பர் சொன்ன கதவுக்கு வருவோம். 1948 டிசம்பரில் நேஷனல் லீக்கில் டெட்ராய்ட் குழு பாதியிலே கலைந்தது. அந்த இடத்துக்கு ரென்ஸை அழைத்தார்கள். ஓஹையோ மாநிலத்து டேடன் நகரில் குடியேறி, டெட்ராய்ட் ஈட்டி வைத்திருந்த 2 வெற்றி 17 தோல்வியையும் தலையில் சுமந்து ஆடினார்கள். பயிற்சியாளரும் வீரருமாக நின்றவர் பாப் கேட்ஸ். தாம் ஆடிய 40 ஆட்டங்களில் 14-ஐ வென்றனர். பொன்னான நாட்கள் போய்விட்டன என்பதை நான் மறைக்கவில்லை. 1949 ஆகஸ்டில் இரண்டு லீக்குகள் இணைந்து என்.பி.ஏ. ஆனபோது 17 குழுக்கள் உள்ளே போயின, ரென்ஸ் போகவில்லை. குழு வலுவிழந்துவிட்டது என்பது காரணமா? உள்ளே போன டென்வர் அடுத்த பருவத்தில் 62 ஆட்டங்களில் 11-ஐத்தான் வென்றது! ரென்ஸ் கலைந்தது.

அடுத்த ஆண்டே 'கதவு திறந்தது'. நியூயார்க் குழுவில் சேர்ந்த கிளிஃப்டன் முன்பு ரென்ஸில் ஆடியவர். அவரை ஏற்ற பயிற்சியாளர், கூப்பரைத் தழுவிய அதே லாப்சிக். வீரனின் கால்கள் வேண்டியிருந்தன. அவனை வளர்த்த கழகம் வேண்டியதில்லை. எல்லாரும் ஒன்றாக ஆடத் தொடங்கியபின் தனிக் கழகம் எதற்கு என்று நண்பர் கேட்டார். ரென்ஸ் தனித்திருக்க விரும்பியது எப்போது? கால் நூற்றாண்டு வெள்ளையரோடு ஆடியே வாழ்ந்த குழு அல்லவா அது? கழகம் போனபோது ஆட்டக்காரர் மட்டும் போகவில்லை. பயிற்சியாளர் போனார், மேலாளர் போனார், முதலாளி போனார். கேட்ஸ் 1949-இல் விட்ட பயிற்சியாளர் இடத்தில் என்.பி.ஏ.வில் ஒரு கறுப்பர் அமர 1966 ஆயிற்று. அவர் பில் ரஸ்ஸல். டக்ளஸைப்போல் ஒரு கறுப்பர் கழகத்தின் பெரும்பங்குக்கு உரியவராக 2002 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் ராபர்ட் ஜான்சன்.

ஆய்வுக்கூடத்தில் வெர்னியரைக் கையில் எடுத்ததும் முதலில் சுழிப்பிழை பார்க்கக் கற்றிருக்கிறோம். தொடக்கக் கோடு தவறினால் அளவுகள் அத்தனையும் தவறும். என்.பி.ஏ. தன் வயதை, அரங்க முதலாளிகள் 1946-இல் தொடங்கிய லீக்கிலிருந்து கணக்கிடுகிறது. அதனோடு இணைந்த நேஷனல் லீக்கின் ஆட்டங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த அளவுகோலில் 88 தொடர் வெற்றி இல்லை, 1939 இல்லை, டேடன் இல்லை. 1948-இல் மினியாபொலிஸ் லேக்கர்ஸை 75-71 என்று நெருங்கித் தோற்ற இறுதி ஆட்டமும் இல்லை. 1963-இல் கூடைப்பந்துப் புகழ்மன்றம் ரென்ஸ் குழு முழுவதையும் ஏற்றது. 1972-இல் டக்ளஸை ஏற்றது. புகழ்மன்றத்தில் சிலை வைப்பது வேறு, கணக்கேட்டைத் திருத்துவது வேறு. நான் கேட்பது இரண்டாவதை.

மேற்சட்டையைத் திருத்திய ஐசக்ஸ் பிற்காலத்தில் பிராங்க்ஸ் பகுதிச் சிறுவர்களுக்குப் பல ஆண்டுகள் ஆட்டம் சொல்லிக் கொடுத்து, 2009-இல் மறைந்தார். 2015-இல் புகழ்மன்றம் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது. நெடுங்காலம் பாழடைந்து கிடந்த ரெனசான்ஸ் மண்டபத்தை இடித்ததும் அதே ஆண்டில்தான். அங்கே இப்போது அடுக்குமாடி வீடுகள்.