மூட்டு நோயும் நாம் சுவாசிக்கும் காற்றும்

மூட்டு வலி கண்டவரைப் பார்த்து, "வாயு பிடித்திருக்கிறது" என்று கூறுவது நம் பக்கத்து வழக்கம். சித்த மருத்துவமும் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றனுள் வாதத்தைக் காற்றின் கூறாகக் கொண்டு, மூட்டு நோய்கள் பலவற்றை அதன்கீழ் வைத்தது. அது உடலினுள்ளே இயங்கும் காற்றைப் பற்றிய கொள்கை. வெளியே நாம் நாள்தோறும் இழுத்துவிடும் காற்றுக்கும் மூட்டுகளுக்கும் தொடர்பு உண்டு என்று அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பஞ்சையும் நூலையும் நம்பிப் பிழைக்கும் நம் அங்கத்தினர்கள் இதனைக் கேட்டும் கேளாதவர்போல் இருந்துவிடலாகாது.

அவிநாசி வட்டாரத்துக் காற்றில் கலப்பவை எவையென்று யாவரும் அறிவர். பருத்தி மூட்டை அவிழும் ஏலக் களத்திலும், ஜின்னிங் ஆலையிலும், விசைத்தறிக் கூடத்திலும் பஞ்சுத் தூசி பறக்கின்றது. கோவைக்கும் சேலத்துக்கும் இடையேயுள்ள நெடுஞ்சாலையில் லாரிகள் டீசல் புகையைக் கக்கிச் செல்கின்றன. கொதிகலன்களில் விறகு எரிகின்றது. அறுவடை முடிந்த காட்டில் பருத்திமாருக்குத் தீ வைக்கப்படுகின்றது. இவற்றால் இருமலும் மூச்சிறைப்பும் வரும் என்பது பழைய செய்தி. வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் மார்பு இறுகும் 'பைசினோசிஸ்' என்ற பஞ்சுத் தூசி நோய், சட்டத்திலேயே தொழில்நோயாக ஏற்கப்பட்டிருக்கிறது. மூட்டுக்கு வரும் கேட்டைத்தான் நாம் இன்னும் உணரவில்லை.

இதற்குத் தக்க சான்று மலேசியாவிலிருந்து கிடைக்கிறது. அங்கு முடக்குவாதம் புதிதாகக் கண்ட பெண்கள் 910 பேரையும், அந்நோய் இல்லாத அதே வயதுப் பெண்கள் 910 பேரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். அதன் முடிவு 2016இல் வெளியாயிற்று. தொழிலில் நெசவுத் தூசிக்கு ஆளானவர்களுக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகக் காணப்பட்டது. தார் சுற்றுவதும், கூடத்தைக் கூட்டுவதும் நம் பெண்களின் கையில் இருப்பதால் இச்செய்தி நமக்கு நேரே உரியது.

நெஞ்சுக்குள் போகும் தூசி முழங்காலையும் விரலையும் எவ்வாறு தாக்கும் என்று ஒருவர் கேட்கலாம். தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்துகள்கள் நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரையில் சென்று தங்குகின்றன. அங்கு அழற்சி உண்டாகிறது. அதன் விளைவாக உடலின் சொந்தப் புரதங்கள் சில உருமாறுகின்றன. அவற்றை அந்நியம் எனக் கருதி, உடலின் காவற்படை எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. அவை இரத்தத்தோடு சுற்றி, பிற்காலத்தில் மூட்டின் மெல்லிய உறையைத் தாக்குவதற்கு வழி செய்கின்றன. பீடி, சிகரெட்டுப் புகையும் இவ்வழியிலேயே முடக்குவாதத்தை வளர்க்கிறது. தூசியில் நின்று பீடியும் பிடிப்பவர் இரு பக்கமும் நெருப்பை மூட்டிக்கொள்கிறார்.

'கௌட்' என்ற யூரிக் அமில வாதம் வேறு வகையைச் சேர்ந்தது. இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்தால், அது ஊசிபோன்ற படிகங்களாகி மூட்டில் தங்கும். பெரும்பாலும் கால் பெருவிரலிலேயே முதலில் தாக்கும். ஒரே இரவில் போர்வை பட்டாலும் தாங்க முடியாத வலியாகும். மரபு, உடற்பருமன், மது, மிகுந்த புலால், சிறுநீரகக் கோளாறு ஆகியவையே இதற்கு முதற்காரணங்கள். காற்று மட்டுமே இந்நோயை உண்டாக்கும் என்று நாம் கூறவில்லை. ஆயினும் காற்றோடு வரும் நஞ்சு இதற்குத் துணைபோகும் என்பதற்குப் பழைய சான்றே இருக்கிறது. இங்கிலாந்தின் ஆல்பிரட் கேரட் என்ற மருத்துவர், ஈயத்தோடு வேலை செய்வோரிடம் கௌட் மிகுதியாக இருந்ததை 1859ஆம் ஆண்டு நூலில் எழுதினார். ஈயம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. யூரிக் அமிலம் வெளியேறாமல் தங்கிவிடுகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது நல்லதாயிற்று. நுண்துகள் மிகுந்த காற்றும் சிறுநீரகத்துக்கு ஊறு செய்வதாகத் தற்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அனல் பறக்கும் கூடத்தில் வியர்வை வழிய நின்று, போதிய தண்ணீர் குடியாதிருந்தால் இக்கேடு பின்னும் பெருகும்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று 2021இல் வகுத்தது. நம் நாட்டில் 2009இல் வகுத்த அளவு 40. அளவு எதுவாயினும் அது திறந்த வெளிக்கு உரியது. சன்னல் அடைத்த தறிக்கூடத்தினுள் யார் அளந்து பார்க்கிறார்கள்?

"இதற்கெல்லாம் பணம் ஏது? வயிற்றுப்பாடே பெரும்பாடு" என்று சிலர் கூறுவர். அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். நெசவாளியின் முதல் தறியன்று. பத்து விரல்களே அவன் முதல். காலையில் விரல் மடங்காதவன் அறுந்த இழையை எப்படிப் பிணைப்பான்? முழங்கால் வீங்கிய குடியானவன் எப்படி வரப்பேறுவான்? தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் 1955இலேயே கோவைக்கு வந்துவிட்டது. எனினும் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைக்கும் அந்த நிழல், வீட்டில் தறி வைத்திருப்பவருக்கும் காட்டில் பாடுபடுபவருக்கும் இல்லை. ஆகவே சங்கமே அவர்களுக்கு நிழலாக வேண்டும்.

செய்யத்தக்கவை பல, பெருஞ்செலவு பிடிப்பவை சிலவே. கூடத்தைக் கூட்டுமுன் தண்ணீர் தெளித்தல் வேண்டும். காற்றுக் குழாயால் தறியை ஊதித் தூசியைக் கிளப்பாமல், உறிஞ்சியோ ஈரத்துணியால் துடைத்தோ எடுக்கவேண்டும். தூசியை வெளியேற்றும் விசிறி வாங்கச் சங்கம் சிறு கடன் தரலாம். தூசி தடுக்கும் தரமான முகக்கவசங்களை மொத்தமாக வாங்கி அடக்கவிலைக்கு வழங்கலாம். மூக்கில் கட்டும் துண்டு நுண்துகளைத் தடுக்காது. ஆண்டுக்கொரு முறை மருத்துவ முகாம் நடத்தி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டு விறைப்பவர்களைத் தனியே கண்டு சோதிக்கச் செய்யலாம். முடக்குவாதத்தைத் தொடக்க மாதங்களில் கண்டு மருந்து கொடுத்தால் விரல் கோணுவதைப் பெரிதும் தடுக்கலாம். கௌட்டும் மருந்துக்குக் கட்டுப்படும் நோயே.

விவசாய அங்கத்தினருக்கும் ஒரு வார்த்தை. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு அஞ்சியே பருத்திமாரை எரிக்கிறோம் என்பீர்கள். அந்த அச்சம் நியாயமானது. மாரைக் காட்டிலேயே விட்டுவைப்பது தவறுதான். ஆயினும் அதனைத் தூளாக்கி மக்கவைத்தாலும் புழு அழியும், மண்ணும் வளம் பெறும். தூளாக்கும் இயந்திரத்தைத் தனியொருவர் வாங்குவது அரிது. பலர் சேர்ந்து வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துவதற்கல்லவா கூட்டுறவு ஏற்பட்டது?

கடனும் விலையும் பேசுவதோடு சங்கத்தின் கடமை முடிந்துவிடவில்லை. அங்கத்தினர் சுவாசிக்கும் காற்றும் அதன் கவலைக்கு உரியதே. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இதனைத் தனிப் பொருளாக வைத்து விவாதித்து, தூசி ஒழிப்புக்கென ஒரு சிறு நிதியையேனும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.